பூட்டு இல்லாத லிங்க்

கம்பி என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். ராத்திரி அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போனைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூக்குக்கண்ணாடி அலமாரி மேல் கிடந்தது. எழுந்து போய் எடுக்க அவருக்கு உடம்பு வளையவில்லை. கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்குடா. அடுத்த மூணு மாசத்துக்கு என் நாற்காலியை உறுதி பண்ணச் சொல்றாங்க. கீழே இருக்கிறதை அழுத்தினா, ‘பாதுகாப்பில்லாத லிங்க், மேலே போகவா’ன்னு கேக்குது. போகட்டுமா?”

“பூட்டுப் படம் இருக்கா?”

“இல்லையே.”

“அப்போ திருட்டுப் பய வேலை. அழிச்சுடு. அனுப்பினவனையும் பிளாக் பண்ணிடு.”

“ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கேடா.”

“பேரு போட எவ்வளவு நேரமாகும்? நான்கூடப் போடுவேன், இந்த நாட்டுக்கே ராஜான்னு.”

அக்கா அழித்தாள், பிளாக்கும் செய்தாள். தம்பி கம்பி அந்த ஆஸ்பத்திரியிலேயே சர்வர் அறையில் வேலை பார்க்கிறவர். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த நாற்காலிதான் அவர்கள் வீட்டின் அச்சாணி. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். காலை ஆறு மணி நாற்காலி அவளுக்கு. கம்பிக்கும் ஆறு மணிக்குத்தான் வேலை. இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள். மேலே அவள் நாற்காலியில், கீழே இவர் சர்வர் அறையில். பதினோரு மணிக்கு இவர் மேலே போய் அவளைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றிவிட்டு வருவார். அந்த நேரம் கையை விட்டுப் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மையம்தான். இரண்டு பஸ் மாறவேண்டும், தனியாக. போன வருஷம் ஒரே ஒரு வாரம் அப்படிப் போனாள். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தாள். யாரோ முகம் தெரியாதவர்கள் தண்ணீர் தெளித்து, அவள் போனிலிருந்து இவரைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு அந்த மையத்தின் பேச்சை எடுக்கவே இவர் விடுவதில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தலைமை நர்ஸ் படியிறங்கி வந்தாள். சர்வர் அறை தரைக்குக் கீழே, துணி துவைக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் சோப்பு வாசனை, இன்னொரு பக்கம் பல்லைக் கிட்டவைக்கும் ஏசி. பொதுவாக அங்கே யாரும் வரமாட்டார்கள். கம்பிக்கு அது வசதி.

“அண்ணே, உங்க மெஷின் செத்துப்போச்சா?”

“எல்லா விளக்கும் பச்சையா எரியுது. என்னைவிட நல்லா இருக்கு.”

“பின்னே ஏன் இருநூத்துப் பன்னெண்டு பேருக்கு மெயில் போயி எழுபது பேரு மட்டும் அழுத்தியிருக்காங்க? நேத்துக் காலையில அனுப்பினேன். இன்னைக்கு நாலு மணிக்குக் கணக்கு மூடிடும். அழுத்தாதவங்க நாற்காலி காத்திட்டிருக்கிறவங்களுக்குத் தானாப் போயிடும். நான் நிறுத்தினாலும் நிக்காது.”

“ஜனங்களுக்குச் சோம்பல்.”

“எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா காலையில நாற்காலியில இருந்த ஒரு பெரியவர் தன் போனைக் காட்டினார். கையோட வாங்கிட்டு வந்திருக்கேன். இதைப் பாருங்க.”

கம்பி இந்தத் தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பாதுகாப்பில்லாத லிங்க், மேலே போகவா. நேற்று இரவு பார்த்த அதே திரை. நர்ஸ் ‘போ’ என்று அழுத்தினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது.

அவருக்குக் காது மடல் சூடேறியது. அது திருட்டு மெயில் இல்லை. இங்கிருந்துதான் போயிருக்கிறது, இந்த அறையில் உறுமிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து.

“அந்தப் பொண்ணைக் கூப்பிடு,” என்றார்.

அந்தப் பெண் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் தூக்கம் போதாதவள் மாதிரி இருப்பாள். வந்தவள் போனை ஒரு நொடி பார்த்தாள். உட்கார ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணே, உங்ககிட்ட மூணு தடவை கேட்டேன்.”

“என்ன கேட்டே?”

“முன் சர்வரோட உள் நம்பரை.”

கேட்டது கம்பிக்கு ஞாபகம் இருந்தது.

கதை இதுதான். போன மாதம் வரைக்கும் புரோகிராம் ஓடுகிற சர்வரிலேயே பூட்டும் இருந்தது. வெளியே இருப்பவர்கள் அதனிடம் நேராகப் பேசுவார்கள். அது சரியில்லை என்று நடுவில் ஒரு முன் சர்வரை வைத்தார்கள். இப்போது வெளியே இருப்பவர்கள் முன் சர்வரிடம் பூட்டோடு பேசுவார்கள். அது பூட்டைத் திறந்து, விஷயத்தை மட்டும் எடுத்து உள் சர்வரிடம் வெறுமனே சொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ ஒயர், அதுவும் பூட்டிய அறைக்குள். அதனால் அங்கே பூட்டு தேவையில்லை. ஆனால் உள் சர்வருக்குக் காதில் விழுவது வெறும் பேச்சு மட்டும்தான். வெளியே பூட்டு தொங்குவது அதற்குத் தெரியாது. அதனால் மெயிலில் லிங்க் எழுதும்போது பூட்டில்லாத லிங்க்காகவே எழுதித் தள்ளும்.

இதற்கு மருந்து உண்டு. முன் சர்வர் உள்ளே அனுப்புகிற ஒவ்வொன்றோடும் ‘இது பூட்டோடு வந்தது, இந்த முகவரிக்கு வந்தது’ என்று ஒரு குறிப்பு சேர்த்து அனுப்பும். உள் சர்வர் அந்தக் குறிப்பை நம்பினால் போதும். நம்பு என்று யாராவது சொல்லி வைத்தால்தான் நம்பும்.

போன மாதம் அந்தப் பெண் ‘யார் குறிப்பு கொடுத்தாலும் நம்பு’ என்று எழுதி வைத்திருந்தாள். பார்த்ததும் கம்பி குதித்தார். காரணம் இருந்தது. இதற்கு முன் அவர் ஒரு லாரி ஆபீசில் இருந்தார். அங்கேயும் இப்படித்தான் எவன் எழுதினாலும் நம்புகிற புரோகிராம். எவனோ ஒருத்தன் வெளியிலிருந்து குறிப்பைத் தானே எழுதினான். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் தன் முகவரியைப் போட்டு, மேனேஜர் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாகக் கேட்டான். ஆபீசிலிருந்தே நிஜமான மெயில் மேனேஜருக்குப் போனது. உள்ளே லிங்க் மட்டும் திருடன் வீட்டைக் காட்டியது. மேனேஜர் அழுத்தினார். எல்லாம் போயிற்று. புரோகிராம் எழுதினவன் படித்தவன், வாய் பேசி நழுவிவிட்டான். எட்டாம் வகுப்போடு நின்று, கட்டடம் கட்டடமாகக் கேபிள் இழுத்து, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்ற கம்பியின் தலையில் பழி விடிந்தது.

அன்றிலிருந்து அவர் எதையும் நம்புவதில்லை. எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. எந்த நம்பரையும் யாரிடமும் சொல்வதில்லை.

அந்தப் பெண் நியாயமானவள். அவர் குதித்ததும், “சரிண்ணே, எல்லாரையும் நம்ப வேண்டாம். முன் சர்வர் ஒண்ணை மட்டும் நம்பச் சொல்றேன். அதை அடையாளம் காட்டுற உள் நம்பரைச் சொல்லுங்க,” என்றாள்.

“நம்பரெல்லாம் யாருக்கும் கொடுக்கிறதில்ல.”

“நான் யாரோவாண்ணே?”

“இன்னைக்கு இங்கே இருக்கே. நாளைக்கு எங்கே இருப்பியோ.”

அவள் நம்பர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாள். காலி என்றால் யாரையும் நம்பாதே என்று அர்த்தம். சர்வர் நம்பவில்லை. கம்பிக்கு அப்போது அது பிடித்தும் இருந்தது.

“அப்போ அந்த எழுபது பேரு எப்படி அழுத்தினாங்க?” என்று நர்ஸ் கேட்டாள்.

“புது போனா இருக்கும்,” என்றாள் அந்தப் பெண். “அதுங்க சொல்லாமலே முதல்ல பூட்டுள்ள கதவைத் தட்டிப் பாக்கும். பழைய போன் சொன்ன கதவைத்தான் தட்டும். அந்தப் பூட்டில்லாத கதவை அண்ணன் ஒரேயடியாச் சாத்திட்டாரு.”

“உபயோகம் இல்லாத கதவு எதுக்குத் திறந்து கிடக்கணும்?” என்றார் கம்பி. குரலில் வழக்கமான காரம் இல்லை.

“அதை இப்போ திறந்து, வர்றவங்களைப் பூட்டுள்ள கதவுக்குத் திருப்பி விட்டா, போன மெயிலே வேலை செய்யும்ணே.”

“செய்யும். ஆனா ஒவ்வொரு லிங்க்கிலயும் ஆளோட ரகசிய நம்பர் இருக்கு. அது திரும்புறதுக்கு முன்னாடியே நடுத்தெருவுல அம்மணமாப் போயிடும். வேண்டாம். பழைய நம்பரையெல்லாம் செல்லாததாக்கு. புது நம்பரோட புது மெயில் அனுப்பு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரிதான்,” என்றாள். “அப்போ அந்த முன் சர்வர் நம்பர்?”

கம்பி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாத்திரை அட்டை ஒன்றின் பின்பக்கத்தில், மறைத்து எழுதும் பள்ளிப்பிள்ளை மாதிரி இடது கையால் மூடிக்கொண்டு எழுதினார். அவளிடம் நீட்டினார். அவள் தட்டி முடித்ததும் அட்டையை வாங்கி நான்காகக் கிழித்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்கிறதா இருந்தா மேலே போயிச் சிரி,” என்றார்.

பிறகு தன் பக்கத்து வேலையைச் செய்தார். வெளியிலிருந்து எவனாவது அந்தக் குறிப்பைத் தானே எழுதிக்கொண்டு வந்தால் அதை அப்படியே துடைத்துப் போட்டுவிட்டு, தான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதும்படி முன் சர்வருக்குச் சொன்னார். ஒருத்தரை நம்பினால் அந்த ஒருத்தர் சுத்தமாக இருக்கவேண்டும். இரண்டு தடவை சரிபார்த்தார். நர்ஸின் போனுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார்கள். பூட்டோடு வந்தது, திறந்தது. மீதி நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் புது மெயில் போனபோது மணி இரண்டே முக்கால்.

மூன்றேகால் வரைக்கும் முப்பத்தொரு பேர் அழுத்தினார்கள். அந்தப் பெண்ணின் திரையில் எண் மெல்ல ஏறியது, நின்றது, ஒன்று ஏறியது, மறுபடி நின்றது.

“மத்தவங்க எங்கே?” என்றார் கம்பி.

“தூங்குவாங்க,” என்றாள் நர்ஸ். “காலையில மெஷின்ல இருந்தவங்க மத்தியானம் அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடப்பாங்க. பாதிப் பேரு நேத்து வந்ததையே போலின்னு நினைச்சிருப்பாங்க. வார்டு பூரா நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க, பூட்டு இல்லாததைத் தொடாதேன்னு?”

அக்கா பெயர் அழுத்தாதவர்கள் வரிசையில் இருந்தது. அவள் பிளாக் செய்துவிட்டாள், புது மெயில் கண்ணில் படவே படாது. கம்பி நான்கு தடவை கூப்பிட்டார். அணைத்து வைத்திருக்கிறாள். சாப்பிட்டதும் போனை அணைத்துவிட்டுப் படுப்பது அவள் வழக்கம். பஸ் பிடித்துப் போனால் ஒரு மணி நேரம். போய்ச் சேரும்போது நாற்காலி வேறு யாருடையதோ ஆகியிருக்கும்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணே, அக்காவோடதை நான் உள்ளேருந்தே உறுதி பண்ணிடறேன். ஒரு வரிதான். யாருக்கும் தெரியாது.”

ஒரு வரி. அவள் விரல் ஏற்கெனவே விசைப்பலகை மேல் இருந்தது. அக்கா பஸ் நிறுத்தத்தில் முழங்கால் மண்ணோடு உட்கார்ந்திருந்த கோலம் கண்முன் வந்தது. ‘போடு’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“மீதி நூத்திப் பத்துப் பேரு?” என்றார்.

அவள் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தாள்.

“அவங்களுக்கும் போட முடியாது, இல்லே? யாருக்கு எந்த நேரம் வேணும்னு அவங்க சொல்லணும். நாமளாப் போட்டா அது பொய்க்கணக்கு.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எனக்குன்னு ஒரு கள்ளக்கதவு திறந்தா, அப்புறம் நான் எவனைப் பாத்துக் குரைக்கிறது? விடு. சூப்பிரண்டு அம்மா இருக்காங்களா?”

சூப்பிரண்டு அம்மா இரண்டாவது மாடியில் இருந்தார். கம்பி லிப்டை நம்புவதில்லை. படியேறிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. நர்ஸும் பின்னாலேயே வந்தாள். விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“நேரத்தை நாளை மத்தியானம் வரைக்கும் நீட்டலாம். எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா எழுத்துல காரணம் வேணும். காத்திட்டிருக்கிறவங்க நாளைக்கு என் கழுத்தைப் பிடிப்பாங்க. யாரால ஏன் தப்பு நடந்துதுன்னு தெளிவா இருக்கணும்.”

“தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கலாமே அம்மா,” என்றாள் நர்ஸ்.

“அப்படிப் போட்டா மெஷின் மேல பழி,” என்றார் கம்பி. “மெஷினுக்கு என்ன வந்தது? யாரையும் நம்பாதேன்னோம், நம்பல. காகிதம் கொடுங்க.”

சூப்பிரண்டு அம்மா காகிதத்தைத் தந்தார். கம்பி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் பெயர் எழுதினால் அது என்றைக்காவது திரும்பி வந்து கடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். மணி மூன்றே முக்கால். கோணல்மாணலான எழுத்தில் எழுதினார்:

‘லிங்க் எல்லாம் பூட்டு இல்லாமல் போனது. முன் சர்வர் நம்பரை மூன்று முறை கேட்டும் நான் கொடுக்கவில்லை. காரணம் நான் யாரையும் நம்பவில்லை. புரோகிராம் எழுதும் அம்மா மேல் தப்பு இல்லை. நோயாளிகள் மேலும் தப்பு இல்லை. அவர்கள் நான் சொன்னபடிதான் நடந்தார்கள்.’

சூப்பிரண்டு அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் புதுப்பிக்க வருது. இந்தக் காகிதம் அதுக்கு மேலேயே இருக்கும். தெரியும்தானே?”

“தெரியும்.”

“கொஞ்சம் சுத்தி வளைச்சு எழுதித் தரலாம்.”

“வளைச்சு எழுதற அளவுக்கு நான் படிக்கல அம்மா.”

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சூப்பிரண்டு அம்மா போனை எடுத்து, அந்தப் பெண்ணிடம் நாளை பன்னிரண்டு மணி வரைக்கும் நேரத்தை நீட்டச் சொன்னார். அப்போது நான்கடிக்க ஆறு நிமிஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் ஜன்னல் கம்பியில் இருந்தது. கம்பி செருப்பைக் கழற்றி, சட்டையோடு அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

“எதுக்குடா அத்தனை தடவை போன் பண்ணினே?” என்றாள் அக்கா. “யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?”

“இல்ல. உன் போனைக் கொடு.”

வாங்கி, பிளாக்கை எடுத்துவிட்டு, குப்பைப் பெட்டிக்குள் துழாவிப் புது மெயிலைக் கண்டுபிடித்தார். அவளிடமே நீட்டினார்.

“அழுத்து.”

அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அழுத்தவில்லை.

“இது நேத்து வந்ததுதானே?”

“நேத்து வந்தது வேற. இதுல பூட்டு இருக்கு பாரு.”

“நேத்து ஆஸ்பத்திரி பேரை எவன் வேணாலும் போடுவான்னே. இன்னைக்குப் பூட்டுப் படத்தை எவன் வேணாலும் போடமாட்டானா?”

“போட முடியாது.”

“ஏன்?”

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முன் சர்வர், உள் சர்வர், குறிப்பு, நம்பர், எல்லாம் அப்படியே மண்டைக்குள் இருந்தன.

“நேத்து நான் சொன்னது தப்புக்கா,” என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “காய்ச்சலா உனக்கு?”

“இல்ல.”

“நீ நேத்து ஒண்ணு சொல்றே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே. நான் அந்தத் தலைமை நர்ஸைக் கேக்கறேன். அஞ்சு வருஷமா என் கையில ஊசி போடறவ. அவ சொல்லட்டும்.”

“கேளு,” என்றார் கம்பி. கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா ஜன்னல் பக்கமாகப் போய் நின்று பேசுவது தூரத்தில் கேட்பதுபோல் கேட்டது. “சிஸ்டரா? நான்தான்... ஆமா, மெயில் வந்திருக்கு... அழுத்தலாமா?... சரி. சரி... என்னது, யாரு எழுதினது?... இவனா?... கையெழுத்து வேற போட்டானா?” குரல் தாழ்ந்தது. “சொல்லவே இல்லையே என்கிட்ட... ஆமா, உக்காந்த இடத்துலயே தூங்கறான்... அடுத்த மாசமா? ம்... சரி சிஸ்டர். வச்சிடறேன்.”

அவர் தூங்கவில்லை. ஆனால் கண்ணைத் திறக்கவும் தெம்பில்லை. அக்கா பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. போன் ஒரு தடவை மெல்லச் சிணுங்கியது. காலை ஆறு மணி, உறுதி செய்யப்பட்டது என்று அவள் எழுத்துக்கூட்டி, தனக்குத் தானே படித்துக்கொண்டாள்.

“டேய்,” என்றாள் பிறகு. “எழுந்து சட்டையைக் கழட்டிட்டுப் படு. நாளைக்கு ஆறு மணிக்குப் போகணும்.”